ஒரே மெட்டு, இரண்டு குரல்

தன் பாட்டைத் தானே எழுதிப் பாடுகிறவர் இசைநாடகத்துக்கு வந்தால் அவர் தொழிலில் என்ன மாறும் என்று அசகானிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அவர் ஊரை ஒட்டி நிற்கும் லேடாங் மலையே இதற்கு நல்ல உதாரணம் தருகிறது.

மலாக்கா சுல்தான் பெண் கேட்டு ஆளனுப்பிய அந்த மலை இளவரசியின் கதை, ‘புத்ரி குனோங் லேடாங்’ என்ற இசைநாடகமாக 2006இல் கோலாலம்பூர் இஸ்தானா புடாயாவில் மேடையேறியது. இசை, சிங்கப்பூரின் டிக் லீ. 1974இலேயே சொந்தப் பாடல்களை இசைத்தட்டாக்கியவர். 1988இல் ‘பியூட்டி வேர்ல்ட்’ இசைநாடகத்துக்கும் இசையமைத்தார்.

தனிப்பாடகர் தன் மனத்தைத் தன் குரலில் பாடுவார். மேடையிலோ சுல்தானின் ஆணவத்தையும் இளவரசியின் வைராக்கியத்தையும் வேறொருவர் தொண்டைக்கு ஏற்ப எழுத வேண்டும். பாட்டு முடியும்போது கதை ஓரடியாவது நகர்ந்திருக்க வேண்டும்.

எனக்கு மிகப் பிடித்த நுட்பம், மெட்டு திரும்பி வருவது. 1957இல் மேடையேறிய, மெரடித் வில்சனின் ‘தி மியூசிக் மேன்’ என்ற அமெரிக்க இசைநாடகத்தில், ஊரை ஏமாற்ற வந்த விற்பனையாளன் ஆரவாரமான அணிநடைப் பாட்டொன்று பாடுகிறான். நூலகப் பெண் தாலாட்டுப் போல ஒன்று பாடுகிறாள். இரண்டும் ஒரே மெட்டு! தாளமும் வேகமும்தான் வேறு. பின்னால் ஒருவர் பாட்டை மற்றவர் பாடத் தொடங்கும்போது, அவர்கள் மனம் சேர்ந்துவிட்டதை வசனமின்றியே உணர்கிறோம். அம்மா பால்மரம் வெட்டியதை நினைத்துக்கொள்கிறேன்: பழைய வெட்டுக்கோட்டை ஒட்டியே மெல்லச் சீவுவார், வடிவது புதுப்பால். மெட்டும் அப்படித்தான்.

நமக்கு இது அந்நியக் கலையா? சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் வள்ளியும் வேலனும் பாட்டிலேயே வாதாடுகிறார்கள். அந்த மரபுக்குரிய நாம், பள்ளி விழாக்களில் சினிமாப் பாட்டை ஒலிக்கவிட்டுப் பிள்ளைகளை வாயசைக்க வைக்கிறோம். சொந்தமாகப் பாட்டுக் கட்டும் இளைஞர்களும் மூன்று நிமிடக் காணொளியோடு நின்றுவிடுகிறார்கள். அவர்களை அழைத்து எழுதச் சொல்ல ஆளில்லை.

தமிழாசிரியர்களே, கோயில் நிர்வாகத்தினரே, அடுத்த விழாவுக்கு ஊர்ப் பாடகர் ஒருவரிடம் அரைமணி நேர நாடகம் கேளுங்கள். தோட்டம் துண்டாடப்பட்ட கதை போதும். லயத்து வீட்டை விட்டுப் போகும் பாட்டியும், டவுனுக்குப் போகத் துடிக்கும் பேத்தியும் ஒரே மெட்டில் பாடட்டும். கூலியையும் மறக்காமல் கொடுங்கள். பாட்டு எழுதுவதும் உழைப்புத்தான்.