குட்டி யானை மேல ஒரு வெல்டிங் பட்டறை: சில கணக்குகள்

டாடா ஏஸ் வண்டி 2005-ல் சந்தைக்கு வந்தது. நம்ம ஊர்ல அதுக்குப் பேரு குட்டி யானை. தண்ணீர் கேன், காய்கறி, கோழி, டிபன் கடை என்று அதன்மேல் ஏறாத தொழில் கிடையாது. ஈரோடு, கோபி பக்கம் போகும்போது இன்னொன்றும் கண்ணில் படுகிறது: ஜெனரேட்டர், வெல்டிங் மெஷின், கிரைண்டர், சிலிண்டர் எல்லாம் ஏற்றிக்கொண்டு வேலை கிடக்கிற இடத்துக்கே போகும் வெல்டிங் வண்டி.

என் மனைவியின் அண்ணன் கோபி பக்கம் பட்டறை வைத்திருக்கிறார். கேட், கிரில், டிராக்டர் சாமான் ரிப்பேர்தான் தொழில். "பாதி வேலை பட்டறைக்கு வராதுங்க மாப்ள, நாமதான் போகோணும்" என்பார். ரொட்டவேட்டர் காட்டுக்குள்ள உடைந்து நிற்கும். நெல் அறுக்கிற மெஷின் வயலின் நடுவில் நிற்கும். அதற்கு மணிக்கணக்கில் வாடகை, மழை வேறு மிரட்டும். புதுசாகக் கட்டுகிற ஷெட்டில் கரண்டே வந்திருக்காது. அவரிடம் ஏற்கெனவே ஒரு பழைய ஏஸ் இருக்கிறது. பட்டறை இடத்தை வைத்து வங்கியில் கடன் வாங்கி, ஒரு டீசல் ஜெனரேட்டர் எடுத்து, பட்டறையில் இருக்கும் பழைய டிரான்ஸ்பார்மர் மெஷினை வண்டியில் ஏற்றுவது அவர் திட்டம். "கணக்கு மட்டும் போட்டுக் குடுங்க" என்றார். நான் சாப்ட்வேர்காரன், ராடு பிடிக்கத் தெரியாது. ஆனால் கணக்கு போடலாம். அந்தக் குறிப்புகள்தான் இது.

ராடுக்கு எவ்வளவு கரண்ட்?

எல்லாம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. ராடு வெல்டிங்கில் ஆர்க்கின் வோல்டேஜைக் கணிக்க மெஷின் தயாரிப்பாளர்கள் பயன்படுத்தும் ஒரு எளிய சூத்திரம் உண்டு: 20-உடன், ஆம்பியரை 0.04-ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். நம்ம பட்டறைகளில் அதிகம் ஓடுவது 12 நம்பர் (2.5 மி.மீ.), 10 நம்பர் (3.15 மி.மீ.) ராடுகள். கனமான பிளேட்டுக்கு 8 நம்பர் (4 மி.மீ.).

10 நம்பர் ராடுக்கு 120 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். வோல்டேஜ் 24.8. இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 3 கிலோவாட். இது ஆர்க்கில் எரியும் சக்தி மட்டும். இன்வெர்ட்டர் மெஷினில் சூடாகிப் போகும் நஷ்டத்தைச் சேர்த்தால் (85 சதவீதம் திறன் என்று எடுத்தால்) 3.5 கிலோவாட். சாதாரண இன்வெர்ட்டர் மெஷினின் பவர் ஃபேக்டர் 0.7 அளவில் இருக்கும், எனவே ஜெனரேட்டர் கொடுக்க வேண்டியது சுமார் 5 கே.வி.ஏ. இதே கணக்கில் 12 நம்பர் ராடுக்கு (80 ஆம்பியர்) 3.1 கே.வி.ஏ., 8 நம்பருக்கு (160 ஆம்பியர்) 7.1 கே.வி.ஏ.

வீட்டுக்காரர் "எங்க வீட்டு பிளக்கிலேயே மாட்டிக்கங்க" என்று சொல்வதற்கான பதிலும் இதிலேயே இருக்கிறது. 230 வோல்ட்டில் 3.1 கே.வி.ஏ. என்றால் 13 ஆம்பியர் சொச்சம். 16 ஆம்பியர் பிளக் தாங்கும். 5 கே.வி.ஏ. என்றால் 22 ஆம்பியர், பிளக் கருகும். ஆக, வீட்டு லைனில் 12 நம்பர் ராடு வரைக்கும்தான். தோட்டத்து மோட்டார் லைனை இதில் சேர்க்க வேண்டாம். விவசாயத்துக்கென்று கொடுத்த இலவச மின்சாரத்தில் வெல்டிங் ஓட்டினால், அனுமதியில்லாத உபயோகம் என்று தோட்டக்காரருக்குத்தான் அபராதம் வரும்.

ஜெனரேட்டர்

5 கே.வி.ஏ. தேவை என்றால் 5 கே.வி.ஏ. ஜெனரேட்டர் வாங்கினால் போதுமா? போதாது. பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் உச்ச அளவு. தொடர்ந்து கொடுக்கக்கூடியது அதைவிடக் குறைவு. மேலும், வெல்டிங் என்பது சீரான லோடு அல்ல. ராடு தொட்டதும் லோடு ஏறும், எடுத்ததும் சடாரென இறங்கும். சின்ன ஜெனரேட்டரில் அந்த ஏற்ற இறக்கத்தில் வோல்டேஜ் குதித்து மெஷினின் உள்பாகத்தைக் கெடுக்கும். ஒன்றரை மடங்கு வைத்துக்கொள்வது நல்லது. எனவே 10 நம்பர் ராடுக்கு 7.5 கே.வி.ஏ. ரகம்.

இந்த ரக பெட்ரோல் ஜெனரேட்டரின் எஞ்சின் 14, 15 குதிரைத்திறன் இருக்கும். ஆரம்ப கால ஏஸின் 702 சிசி எஞ்சினே 16 குதிரைத்திறன்தான். வண்டியை இழுக்கிற சக்தியும் ராடை உருக்கிற சக்தியும் கிட்டத்தட்ட ஒன்று!

இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. பவர் ஃபேக்டரைச் சரிசெய்யும் சர்க்யூட் உள்ள இன்வெர்ட்டர் மெஷின் வாங்கினால் அதே 10 நம்பர் ராடுக்கு 3.6 கே.வி.ஏ. போதும். மெஷின் விலை கூடும், ஆனால் ஒரு படி சின்ன ஜெனரேட்டர் போதும். எடையும் பெட்ரோலும் மிச்சம்.

மெஷின் வாங்கும்போது 'டியூட்டி சைக்கிள்' பார்க்க வேண்டும். 200 ஆம்பியர், 60 சதவீதம் என்றால், பத்து நிமிஷத்தில் ஆறு நிமிஷம் 200 ஆம்பியரில் ஓட்டலாம், நாலு நிமிஷம் ஆற விடணும் என்று அர்த்தம். நிற்காமல் ஓட்ட எவ்வளவு? 200-ஐ 0.6-இன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் 155 ஆம்பியர். 10 நம்பர் ராடுக்குத் தாராளம். இந்த அளவுகள் 40 டிகிரி வெயிலுக்கானவை. சித்திரை வெயிலில் தகரப் பாடி மேல் மெஷினை வைத்து ஓட்டினால் இதைவிடக் குறையும். நிழலில் வைக்கவும்.

எடை: இங்கேதான் திட்டம் மாறியது

ஏஸின் சுமை அளவு, மாடலைப் பொறுத்து, சுமார் 750 கிலோ. மச்சானின் முதல் திட்டத்தைத் தராசில் போட்டுப் பார்த்தோம். சைலன்ட் டீசல் ஜெனரேட்டர் 350 கிலோ, பழைய டிரான்ஸ்பார்மர் மெஷின் 120, ஆக்சிஜன் சிலிண்டர் 65, கேஸ் 35, கேபிள் 25, சாமான் பெட்டியும் வைஸும் 60, மேலே கம்பி ரேக் 60, வேலைக்கான இரும்பு 100, டிரைவரும் உதவியாளும் 140. கூட்டினால் 955 கிலோ. 200 கிலோ அதிகம். பிரேக் பிடித்தால் நிற்காது, பின் பட்டை உட்காரும்.

அதே பட்டியலில் டீசலுக்குப் பதில் 90 கிலோ பெட்ரோல் ஜெனரேட்டரும், டிரான்ஸ்பார்மருக்குப் பதில் 10 கிலோ இன்வெர்ட்டர் மெஷினும் போட்டால் 585 கிலோ. 165 கிலோ மிச்சம் இருக்கிறது.

"டீசல்னா செலவு கம்மி, ஆயுசு அதிகம்னு சொல்றாங்களே?" என்றார். சரிதான், நாள் முழுக்க ஓடினால். ஆனால் ராடு வெல்டிங்கில் ஒரு மணி நேரத்தில் ஆர்க் உண்மையில் எரிவது கால் மணி நேரம் இருந்தாலே பெரிசு. மீதி நேரம் அளப்பது, வெட்டுவது, ஸ்லாக் தட்டுவது. நாளைக்கு இரண்டு மணி நேரம் ஓடப்போகிற ஜெனரேட்டருக்காக 260 கிலோவை தினமும் ஊரெல்லாம் சுமந்து திரிவதற்கும் டீசல் செலவாகும்.

கேபிள்: எந்தப் பக்கம் நீட்டுவது?

வண்டி வரப்பு வரைக்கும்தான் போகும். உடைந்த மெஷின் 30 மீட்டர் உள்ளே நிற்கும். இரண்டு வழி உண்டு. மெஷினை வண்டியிலேயே வைத்து வெல்டிங் கேபிளை நீட்டலாம். அல்லது 230 வோல்ட் கேபிளை நீட்டி மெஷினைத் தூக்கிக்கொண்டு போகலாம்.

25 சதுர மி.மீ. செம்புக் கேபிளில் போக 30, வர 30 என 60 மீட்டருக்கு மின்தடை 0.042 ஓம். 120 ஆம்பியரில் 5 வோல்ட் அங்கேயே போய்விடும், 600 வாட் கேபிளைச் சூடாக்கும். 2.5 சதுர மி.மீ. கேபிளில் 230 வோல்ட்டைக் கொண்டுபோனால் 22 ஆம்பியரில் 9 வோல்ட் குறையும், நஷ்டம் 200 வாட்தான். கேபிளின் எடையும் விலையும் பல மடங்கு குறைவு. 120 கிலோ டிரான்ஸ்பார்மர் காலத்தில் இந்த வழியே கிடையாது. பத்து கிலோ மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்க முடிவதால்தான் இது சாத்தியம்.

ஆனால் 230 வோல்ட் கேபிள் ஈர வயலில் கிடக்கும். அதனால் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பல சின்ன ஜெனரேட்டர்களில் நியூட்ரல் பாடியுடன் இணைக்கப்பட்டிருக்காது. அப்படி இருந்தால், கேபிள் கிழிந்து ஆள் தொட்டாலும் ஆர்.சி.சி.பி. விழாமல் போகலாம். எலக்ட்ரீஷியனை வைத்து ஜெனரேட்டரில் நியூட்ரல், பாடி, வண்டியின் சேசிஸ் மூன்றையும் முறைப்படி இணைத்து, டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்த்த பிறகே வேலைக்கு எடுக்கணும்.

கேஸ் கட்டிங் வேணுமா?

முதல் வருஷம் வேண்டாம் என்பது என் கருத்து. ஆங்கிள், ஸ்கொயர் பைப், பட்டை எல்லாம் கிரைண்டரிலேயே வெட்டலாம். கனமான பிளேட்டும் துருப்பிடித்த போல்ட்டும் அடிக்கடி வந்தால் மட்டும் கேஸ்.

ஏற்றுவதாக இருந்தால் சில விஷயங்களில் சமரசமே கூடாது. கறுப்பு ஆக்சிஜன் சிலிண்டரில் வாயு சுமார் 150 பார் அழுத்தத்தில் இருக்கும். வால்வு உடைந்தால் ராக்கெட் மாதிரி பாயும். பயணத்தில் மூடி போட்டு, நிற்க வைத்து, இரண்டு இடத்தில் சங்கிலி. ஆக்சிஜன் ரெகுலேட்டரில் எண்ணெயோ கிரீஸோ படவே கூடாது. அசெட்டிலின் சிலிண்டருக்குள் அந்த வாயு அசிட்டோன் திரவத்தில் கரைந்திருக்கிறது. படுக்க வைத்துத் திறந்தால் அசிட்டோன் வெளியே வரும். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, பாடியின் அடியில் தேங்கி நிற்கும். மூடிய பெட்டிக்குள் வைக்காதீர்கள். அடியில் ஓட்டை உள்ள திறந்த கூண்டு போதும். வீட்டு சிலிண்டரைத் தொழிலுக்கு வைப்பது சட்டவிரோதம், 19 கிலோ வணிக சிலிண்டர்தான். டார்ச்சிலும் ரெகுலேட்டரிலும் தீ பின்வாங்காமல் தடுக்கும் ஃபிளாஷ்பேக் அரெஸ்டர் இருக்கணும். ஜெனரேட்டர் ஓடும்போது வண்டியில் கேஸைத் திறக்கக் கூடாது.

எதை எங்கே வைப்பது

ஏஸின் பின்பாடி சுமார் 7 அடி நீளம், 5 அடிக்குக் கொஞ்சம் குறைவான அகலம். ஜெனரேட்டர் பின் டோர் ஓரத்தில், புகை வெளியே பார்த்தபடி, ரப்பர் புஷ் மேல் போல்ட் போட்டு. கேஸ் வைத்தால் கேபினை ஒட்டி, எதிர் முனையில். நடுவில் இரும்பும் சாமான் பெட்டியும். கனமானது ஆக்சிலுக்குப் பக்கத்தில் வரும். இரும்பு 20 அடி நீளத்தில் வரும். ரேக் போட்டாலும் வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டுதான் நிற்கும். பின்னால் வரும் பைக்காரரின் உயிர் அது. அளவு எடுத்து, பட்டறையிலேயே வெட்டிக்கொண்டு போவதே முறை.

ராடுக்கு மூடிய டப்பா வேண்டும். 6013 ராடு கொஞ்சம் ஈரத்தைப் பொறுக்கும். 7018 பொறுக்காது, ஈரத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் வெல்டை உள்ளேயே விரிசல் விட வைக்கும்.

பாடியில் எதையும் நிரந்தரமாக வெல்டு செய்து மாற்றாமல், போல்ட்டில் கழற்றி மாட்டும்படி செய்வது நல்லது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரரும் அதைத்தான் முதலில் கேட்பார். செய்வதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் கேட்டுவிடுங்கள்.

எர்த் கிளாம்ப்

டிராக்டரிலோ அறுவடை மெஷினிலோ வெல்டு வைக்கும்போது, எர்த் கிளாம்பை வெல்டு வைக்கும் இடத்துக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் மாட்டணும். தூரத்தில் மாட்டினால் 120 ஆம்பியர் பேரிங் வழியாகப் போய் உள்ளே குழி விழ வைக்கும். ஒரு வாரம் கழித்து பேரிங் சத்தம் போடும்போது காரணம் யாருக்கும் தெரியாது. புது வண்டிகளில் பேட்டரி இணைப்பைக் கழற்றாமல் வெல்டு வைத்தால் ஈ.சி.யூ. போகலாம். அதன் விலையில் நம் மூன்று மாத வருமானம் போய்விடும்.

வைக்கோல், சருகு கிடக்கும் இடத்தில் சுற்றிலும் 35 அடி சுத்தம் செய்துவிட்டு வேலை. தண்ணீர் வாளி, 6 கிலோ பவுடர் அணைப்பான் பக்கத்தில். வேலை முடிந்து அரை மணி நேரமாவது அங்கேயே இருந்து பார்க்கணும், கங்கு உடனே புகையாது.

காசு

இந்தத் தொழிலில் ராடு விலையைப் பார்த்துக் கூலி சொன்னால் நஷ்டம். பத்து நிமிஷ வெல்டுக்குப் பத்து கிலோமீட்டர் போய் வரணும். ஜெனரேட்டர் மணிக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் பெட்ரோல் குடிக்கும். அதனால் 'வண்டி வந்து போற கூலி' என்று ஒரு தொகை, அதன்மேல் வேலைக்கான கூலி என இரண்டாகப் பிரித்து, போனிலேயே சொல்லிவிடணும். சொந்தக்காரர், தெரிஞ்சவர் என்று அந்த முதல் தொகையை விட்டால் ஆறு மாதத்தில் வண்டி நிற்கும்.

மச்சானுக்கு நான் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்: பழைய ஏஸ் அப்படியே இருக்கட்டும், பெட்ரோல் ஜெனரேட்டர், பவர் ஃபேக்டர் சரிசெய்த 200 ஆம்பியர் இன்வெர்ட்டர், 30 மீட்டர் சப்ளை கேபிள், ஆர்.சி.சி.பி., கிரைண்டர் இரண்டு. கேஸ் இல்லை. கையில் இருக்கிற காசுக்குள் முடிகிறது. பட்டறைப் பத்திரம் பீரோவிலேயே இருக்கலாம். ஒரு அறுவடை சீசன் ஓட்டிப் பார்த்துவிட்டு மீதியை யோசிக்கலாம் என்று முடிவாகியிருக்கிறது.