லினக்ஸில் புற வன்தட்டுகளைத் தானாகக் கண்டறிதலும் இணைத்தலும்

முன்னுரை

ஆய்வுத்தரவுகளின் காப்புப்படியைப் புற வன்தட்டில் வைத்துக்கொள்வது பரவலான வழக்கம். லினக்ஸ் இயங்குதளத்தில் அவ்வன்தட்டைச் செருகியதும் அதன் உள்ளடக்கம் திரையில் தோன்றுகிறது. ஒரே செயலாகத் தோன்றும் இது கண்டறிதல், இணைத்தல் என்னும் இருவேறு செயல்களால் ஆனது. இவ்வேறுபாட்டை உணராதபோது, காப்புப்படி இருப்பதாக நம்பப்படும் இடத்தில் அது இல்லாமற்போகலாம். அவ்விரு செயல்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

கண்டறிதல்

யூஎஸ்பி வழியாக வன்தட்டு செருகப்பட்டதும், இயங்குதளத்தின் உட்கருவான கெர்னல் அதனை உணர்ந்து எஸ்டிஏ, எஸ்டிபி என்றாற்போல் ஒரு பெயரை வழங்குகிறது. யூடெவ் என்னும் சேவைக்கும் அறிவிக்கிறது. 2003இல் அறிமுகமான யூடெவ், 2012இல் சிஸ்டம்டி திட்டத்துடன் ஒன்றிணைந்தது. கெர்னல் தரும் பெயர் சாதனங்கள் கண்டறியப்படும் வரிசையைப் பொறுத்தது. ஆதலின் இன்று எஸ்டிபி எனப்பட்ட வன்தட்டு நாளை எஸ்டிசி ஆகலாம். யூடெவ், கோப்பு முறைமையில் பொறிக்கப்பட்டுள்ள அடையாள எண்ணைப் படித்து, அதன் பெயரிலும் ஒரு சுட்டியை உருவாக்குகிறது. யூயூஐடி எனப்படும் இவ்வெண் செருகும் வரிசையால் மாறுவதில்லை.

இணைத்தல்

இணைத்தலாவது, வன்தட்டின் கோப்பு முறைமையைக் கணினியின் கோப்புறை ஒன்றின்மீது பொருத்துவது. க்னோம், கேடிஇ முதலிய மேசைச்சூழல்கள் கேட்டுக்கொள்ள, யூடிஸ்க்ஸ் என்னும் சேவை இதனைச் செய்கிறது. மேசைச்சூழல் இல்லாத சேவையகத்தில் அவ்வாறு கேட்பதற்கு எதுவும் இல்லை. ஆகவே, எஃப்எஸ்டேப் கோப்பில் யூயூஐடியைக் குறிப்பிட்டு ஒரு வரி எழுதுவது வழக்கம். அவ்வரியில் நோஃபெயில் என்னும் விருப்பம் இடம்பெறாவிடின், கணினி தொடங்குகையில் வன்தட்டு இல்லாதபோது சிஸ்டம்டி இயல்பாக 90 நொடிகள் காத்திருந்து, அவசரகாலப் பயன்முறைக்குச் சென்றுவிடும்.

நோஃபெயில் இருப்பின் கணினி தடையின்றித் தொடங்கும். ஆனால் இணைப்புக்குரிய கோப்புறை வெறுமையாக நிற்கும். அந்நிலையில் நிர்வாகி உரிமையுடன் காப்புப்படி நிரல் இயங்கினால், தரவு கணினியின் சொந்த வட்டிலேயே எழுதப்படும். இடம் நிரம்பும்வரை பிழைச்செய்தி எதுவும் தோன்றாமற்போகலாம். மூலமும் படியும் ஒரே வட்டில் அமைவதால், அது பழுதுறின் இரண்டும் அழியும். இதனைத் தவிர்க்க, நிரலின் தொடக்கத்திலேயே மவுண்ட்பாயிண்ட் கட்டளையால் இணைப்பைச் சோதித்து, இணைப்பு இல்லையெனில் நிரலை நிறுத்திவிட வேண்டும்.

முடிவுரை

வன்தட்டை இணைக்கும் பணியைக் கணினி ஏற்கிறது. அது இணைந்துள்ளதா எனச் சரிபார்க்கும் பொறுப்பு பயன்படுத்துவோரிடமே உள்ளது. எழுதப்படும் தரவு சிறிது நேரம் நினைவகத்தில் தங்கக்கூடும் என்பதால், வன்தட்டைக் கழற்றுமுன் இணைப்பை முறையாக நீக்குவதும் இன்றியமையாதது.