மட்டமான படமும் மழுங்காத பேனாவும்

“குறை சொல்ல எவனாலும் முடியும், ஒரு படம் எடுத்துக் காட்டட்டுமே, பார்க்கலாம்!”

மட்டமான படத்தை எடுத்து, மக்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட படமுதலாளிகள், எந்த நாட்டிலும், எந்தக் காலத்திலும் உயர்த்திப் பிடிக்கும் கேடயம் இது.

கேடயமா இது? காகிதம்! சோறு குழைந்துவிட்டது என்று சொல்லச் சமையற்காரனாக இருக்க வேண்டுமா? செருப்பு கடிக்கிறது என்று சொல்ல, செருப்புத் தைக்கத் தெரிந்திருக்க வேண்டுமா? கடிபட்டது கால், கத்துகிறது வாய்! தைத்தவன் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

ஆனால், தோழர்களே! கடிபட்டவன் கத்தினால், அது யார் காதிலே விழுகிறது? ஆறு நாள் உழைக்கிறான் பாட்டாளி. ஏழாம் நாள், கூலியிலே ஒரு பங்கை எடுத்துக்கொண்டு, மனைவி மக்களோடு கொட்டகைக்குப் போகிறான். கொஞ்சம் சிரிக்க வேண்டும் என்று போகிறான். களைத்த மனம் கொஞ்சம் இளைப்பாற வேண்டும் என்று போகிறான். உள்ளே அவனுக்குப் பரிமாறப்படுவது என்ன? பழைய குப்பை, புதுத் தட்டிலே! வெளியே வருகிறான், “போச்சு காசு” என்று பெருமூச்சு விடுகிறான், விடிந்ததும் வேலைக்குப் போய்விடுகிறான். அவன் பெருமூச்சு எந்த ஏட்டிலும் அச்சேறுவதில்லை. படக் கம்பெனியின் விளம்பரமோ, மறுநாளும் முழுப்பக்கத்திலே பல்லிளித்துக்கொண்டு நிற்கிறது!

அந்தப் பெருமூச்சை அச்சிலே ஏற்றிய ஒருவரைப் பற்றித்தான் இங்கே சொல்லப்போகிறேன். அமெரிக்க நாட்டவர். பெயர், ரோஜர் ஈபர்ட்.

1942-ஆம் ஆண்டு, இல்லினாய் மாநிலத்து அர்பானா என்னும் ஊரிலே பிறந்தவர். மாளிகையிலே அல்ல, மின்சாரத் தொழிலாளி வீட்டிலே! தந்தை, அந்தப் பகுதிப் பல்கலைக்கழகத்திலே மின்சார வேலை பார்த்தவர். ஒருநாள், ஆங்கிலத் துறைக் கட்டடத்திலே அவருக்கு வேலை. அங்கே, பேராசிரியர்கள் மேசைமேல் காலை நீட்டிக்கொண்டு, புகை பிடித்தபடி புத்தகம் படித்துக்கொண்டிருக்கக் கண்டார். வீட்டுக்கு வந்தார், மகனை அழைத்தார், நீ என்னைப்போல் மின்சார வேலைக்கு வரவேண்டாமப்பா, உனக்கு ஏற்ற வேலையை இன்று பார்த்துவிட்டு வந்திருக்கிறேன் என்றாராம். என் கை காய்த்தது போதும், என் மகன் கையும் காய்க்க வேண்டாம் என்று எண்ணாத தொழிலாளி எந்த நாட்டிலே இருக்கிறான்?

மகன் படித்தார். ஆனால் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடவில்லை. 1967-இல் ‘சிகாகோ சன்-டைம்ஸ்’ ஏட்டின் திரைப்பட விமர்சகரானார். 2013-இல் கண்மூடும்வரை, 46 ஆண்டுகள், அதே ஏடு, அதே வேலை! 1975-இல் புலிட்சர் பரிசு அவருக்குக் கிடைத்தது. அதற்குமுன் எந்தத் திரைப்பட விமர்சகரும் பெறாத பரிசு அது. அதே ஆண்டு, போட்டி ஏடான ‘சிகாகோ டிரிப்யூன்’ விமர்சகர் ஜீன் சிஸ்கெலோடு சேர்ந்து, தொலைக்காட்சியிலே படங்களைப் பற்றி வாதாடத் தொடங்கினார். பின்னாளில், படம் நன்றென்றால் கட்டைவிரலை மேலே தூக்குவார்கள், நன்றன்று என்றால் கீழே கவிழ்ப்பார்கள். இருவர் விரலும் மேலே எழுந்தால், படக் கம்பெனிகள் அதைக் கொட்டை எழுத்திலே விளம்பரம் செய்யும். கவிழ்ந்தாலோ? கப்சிப்!

விரல் கவிழ்ந்த ஒரு படத்தின் கதையைக் கேளுங்கள்.

1994-ஆம் ஆண்டு, ‘நார்த்’ என்றொரு படம் வந்தது. செலவு நான்கு கோடி டாலர்! இயக்கியவர் ராப் ரைனர். 1989-இல் ‘வென் ஹாரி மெட் சாலி’, 1992-இல் ‘எ ஃபியூ குட் மென்’ என்று அடுத்தடுத்து வெற்றி கண்டவர். நடிகர் பட்டாளத்துக்குப் பஞ்சமில்லை. கதை என்ன? தாய் தந்தையர் தன்னைக் கவனிக்கவில்லை என்று ஒரு சிறுவன் நீதிமன்றம் செல்கிறான், அவர்களை உதறுகிறான், புதிய பெற்றோரைத் தேடி ஊர் ஊராக, நாடு நாடாகப் போகிறான். டெக்சாஸ், ஹவாய், அலாஸ்கா, ஆப்பிரிக்கா! போகிற இடமெல்லாம் அங்கே வாழும் மக்களைக் கோமாளிகளாக்கிக் காட்டுகிறது படம். அலாஸ்காவிலே, வயதான பாட்டனைப் பனிக்கட்டிமேல் உட்காரவைத்துக் கடலிலே அனுப்பிவிடுகிறார்களாம். பார்ப்பவர்கள் சிரிக்க வேண்டுமாம்!

ஈபர்ட் சிரிக்கவில்லை, சீறினார். நான்கு நட்சத்திரம்வரை தரும் அவர், இந்தப் படத்துக்கு ஒன்றுகூடத் தரவில்லை. வெறுத்தேன், வெறுத்தேன் என்று அடுக்கடுக்காக எழுதினார். 2000-இல் வெளிவந்த, மட்டமான படங்கள் பற்றிய அவருடைய விமர்சனத் தொகுப்புக்கு அந்த வெறுப்பே பெயராயிற்று!

ஏன் இவ்வளவு கோபம்? காமிரா கோணல் என்றா? வசனம் வழவழ என்றா? அல்ல, தோழர்களே! இதைப் போட்டால் போதும், ரசிப்பார்கள் என்று மக்களை எடை போட்டார்களே, அந்த எடையிலே இருக்கிறது இழிவு என்றார் ஈபர்ட். குப்பையைக் கொடுத்தது ஒரு குற்றம். ‘உனக்கு இது போதும்’ என்ற நினைப்போடு கொடுத்தது அதைவிடப் பெரிய குற்றம்! பந்தியிலே உட்கார்ந்தவனுக்கு ஊசிப்போனதைப் பரிமாறிவிட்டு, ‘இவன் நாக்குக்கு இதுவே அதிகம்’ என்று அடுக்களையிலே பேசிச் சிரிப்பதை யார் பொறுப்பார்கள்? ஈபர்ட் பொறுக்கவில்லை. அமெரிக்க மக்களும் பொறுக்கவில்லை. நான்கு கோடியை விழுங்கிய படம், அந்த நாட்டுக் கொட்டகைகளிலே ஒரு கோடி டாலரைக்கூடத் திருப்பித் தரவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அதே விமர்சனத்திலே, ராப் ரைனர் திறமைசாலி என்பதில் தனக்கு ஐயமில்லை என்றும் எழுதினார் ஈபர்ட். படத்தைத்தான் கொளுத்தினார், படைத்தவரை அல்ல!

“ஐயா, ஒரு படத்திலே ஆயிரம் பேர் உழைக்கிறார்கள். தச்சர் உழைக்கிறார், விளக்குப் பிடிப்பவர் உழைக்கிறார், தையற்காரர் உழைக்கிறார். கடுமையாக எழுதினால் அவர்கள் வயிற்றிலே அடிப்பதாகாதா?” என்று கேட்பார் உண்டு. உழைப்பாளியின் பெயரைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கும் இந்தத் தந்திரம் நமக்குப் புதிதல்ல! தச்சர் அடித்த ஆணி கோணவில்லை. விளக்குக்காரர் போட்ட வெளிச்சம் அணையவில்லை. தையற்காரர் தைத்த சட்டை கிழியவில்லை. கோணிக் கிடந்தது கதை! அதைத் தேர்ந்தெடுத்தவர் யார்? பணத்தை அதற்கு ஒதுக்கியவர் யார்? அவர்களைக் கேட்டால், ஆயிரம் தொழிலாளிகளின் முதுகுக்குப் பின்னாலே போய் ஒளிவானேன்? அத்தனை பேருடைய உழைப்பையும் பாழாக்கியவர்கள் அவர்களே அல்லவா?

2005-இல் நடந்தது இன்னொரு வேடிக்கை. ‘டியூஸ் பிகலோ’ என்ற கேலிப் படத்துக்கு இரண்டாம் பாகம் தயாராயிற்று. நல்ல படங்களைக் கைவிட்டு இதற்கா பணம் போடுகிறார்கள் என்று ‘லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ்’ எழுத்தாளர் ஒருவர் கேட்டுவிட்டார். படத்தின் நாயகன் ராப் ஷ்னைடருக்கு வந்ததே கோபம்! காசு கொடுத்துத் திரையுலக ஏடுகளிலே விளம்பரம் போட்டார்: நீர் யார் என்னைக் கேட்க? புலிட்சர் பரிசு பெற்றவரா நீர்?

பார்த்தார் ஈபர்ட். படம் வெளிவந்ததும் எழுதினார்: பரிசு வாங்கியவன்தான் பேசலாம் என்றால், இதோ நான் வாங்கியிருக்கிறேன், சொல்கிறேன், உம்முடைய படம் படுமட்டம்! அந்தக் கடைசி வார்த்தைகளே, 2007-இல் வந்த அவருடைய இன்னொரு தொகுப்பின் பெயராயின.

கதை அதோடு முடியவில்லை. ஈபர்ட் நோயிலே படுத்தபோது, அவரைத் தேடி மலர்க்கொத்து ஒன்று வந்தது. அனுப்பியவர் யார்? ராப் ஷ்னைடர்! மட்டமான படம் எடுத்தவர் மட்டமான மனிதராக இருக்கவேண்டும் என்பதில்லை என்பதை அந்த மலர்கள் நினைவூட்டின என்று எழுதினார் ஈபர்ட். அடித்தவர் பேனா வளையவில்லை; அடிபட்டவர் நெஞ்சிலே நஞ்சு தங்கவில்லை. கருத்து மோதலிலே காணவேண்டிய கண்ணியம் இதுவல்லவா?

தீர்ப்பைத் திருத்தியதும் உண்டு. 2003-இல், பிரான்சு நாட்டுக் கேன்ஸ் திரைப்பட விழாவிலே வின்சென்ட் காலோ என்பவரின் ‘தி பிரவுன் பன்னி’ காட்டப்பட்டது. அந்த விழாவின் வரலாற்றிலேயே மோசமான படம் என்றார் ஈபர்ட். காலோ என்ன செய்தார்? ஈபர்ட்டின் பருத்த உடலைப் பழித்தார். போதாதென்று, அவருடைய குடலுக்குச் சாபமும் கொடுத்தார்! சாபம்! இருபத்தோராம் நூற்றாண்டிலே, காமிரா பிடித்த கையை நீட்டிச் சாபம்! ஈபர்ட் பதறவில்லை. நான் என்றைக்காவது இளைத்துவிடுவேன், நீர் அன்றைக்கும் இந்தப் படத்தை எடுத்தவராகவே இருப்பீர் என்று நகைத்தார்.

பிறகு, 26 நிமிடக் காட்சிகளை வெட்டிக் குறைத்து, படத்தை மீண்டும் கொண்டுவந்தார் காலோ. ஈபர்ட் பழைய பகையைப் பையிலே போட்டுக்கொண்டு போனாரா? இல்லை! புதிதாகப் பார்த்தார். படம் தேறிவிட்டது என்றார். நான்கிலே மூன்று நட்சத்திரம் கொடுத்தார்! தன்னை ஏசியவனுக்கு, சாபம் கொடுத்தவனுக்கு! தீர்ப்பு கடுமையாக இருக்கலாம், தோழர்களே. ஆனால் மறுவிசாரணைக்குக் கதவு திறந்திருக்க வேண்டும். கதவை மூடிவிட்டால் அது தீர்ப்பல்ல, வன்மம்!

ஆமாம், தொடக்கத்திலே கேட்டார்களே, “ஒரு படம் எடுத்துக் காட்டட்டும்” என்று? ஈபர்ட் அதையும் செய்திருக்கிறார்! 1970-இல் ‘பியாண்ட் தி வேலி ஆஃப் தி டால்ஸ்’ என்ற படத்துக்குத் திரைக்கதை எழுதினார். அதற்கும் விழுந்தது அடி. ஒரு நட்சத்திரமும் இல்லை என்று தீர்ப்பெழுதியவர்களிலே ஒருவர் யார் தெரியுமா? ஜீன் சிஸ்கெல்! ஐந்தே ஆண்டு கழித்து, அதே சிஸ்கெலின் பக்கத்து நாற்காலியிலே அமர்ந்தார் ஈபர்ட். 1999-இல் சிஸ்கெல் மறையும்வரை அந்தக் கூட்டு நீடித்தது. கொடுக்கத் தெரிந்த கை, வாங்கவும் தெரிந்த கை!

கடிப்பது மட்டுமே அவர் தொழில் என்று எண்ணிவிடாதீர்கள். ‘நார்த்’ வந்த அதே 1994-இலேதான் ‘ஹூப் ட்ரீம்ஸ்’ வந்தது. நாயகன் இல்லை, நாயகி இல்லை. உண்மை மனிதரைப் பின்தொடர்ந்து எடுத்த படம். சிகாகோ நகரத்து ஏழைக் கறுப்பினச் சிறுவர் இருவர், கூடைப்பந்து ஆடி வாழ்விலே உயரலாம் என்று கனவு காண்கிறார்கள். ஒருவன், கட்டணம் கட்டமுடியாமல் பள்ளியைவிட்டு வெளியேறுகிறான். அவன் வீட்டிலே மின்சாரம் துண்டிக்கப்படுகிறது. ஏறக்குறைய மூன்று மணி நேரப் படம். வாங்கி வெளியிட ஆள் வராத நேரத்திலேயே, ஈபர்ட்டும் சிஸ்கெலும் தொலைக்காட்சியிலே அதைத் தூக்கிப் பிடித்தார்கள். அந்த ஆண்டின் தலைசிறந்த படம் அதுவே என்றார்கள் இருவரும். ஆஸ்காரின் ஆவணப்படப் போட்டியிலே அது சேர்க்கப்படாதபோது, நாடே கேள்வி கேட்டது. தேர்வு முறையையே பின்னர் மாற்றவேண்டி வந்தது.

2002-இல், சன்டான்ஸ் விழாவிலே, ஆசியர் மரபிலே வந்த ஜஸ்டின் லின் என்ற இளைஞரின் படம் காட்டப்பட்டது. பார்வையாளர் ஒருவர் எழுந்து, உங்கள் இனத்தவரை இப்படி ஒழுக்கமற்றவர்களாகக் காட்டலாமா என்று அதட்டினார். ஈபர்ட் எழுந்தார், இருந்த இடத்திலிருந்தே முழங்கினார்: வெள்ளைக்காரர் எடுத்த படத்தைப் பார்த்து, உன் இனத்துக்கு இப்படிச் செய்யலாமா என்று எவராவது கேட்பாரா? தாங்கள் விரும்பியபடி இருக்க இவர்களுக்கும் உரிமை இல்லையா? ‘நார்த்’ படத்திலே மக்களைக் கோமாளிகளாக்கியதற்குச் சீறிய நெஞ்சு, இங்கே மக்களின் மானத்துக்காக எழுந்து நின்றது. இரண்டும் ஒரே நெஞ்சுதான்!

2006-இல், புற்றுநோய் அறுவைச் சிகிச்சைகளுக்குப் பின், அவர் பேசும் ஆற்றலை இழந்தார். கீழ்த்தாடை போயிற்று. வாயால் உண்பதும் போயிற்று. பேனா போகவில்லை! 2012-ஆம் ஆண்டு, ஒரே ஆண்டிலே 306 படங்களுக்கு விமர்சனம் எழுதினார். 2013 ஏப்ரல் 4-ஆம் நாள் மறைந்தார்.

தோழர்களே, கடுமையான விமர்சனத்தைக் கண்டால் மூன்று கேள்வி கேளுங்கள். யாருக்காக இந்தக் கோபம்? காசு கொடுத்து ஏமாந்தவனுக்காகவா, சொந்தப் பகைக்காகவா? அடி விழுவது படத்தின்மேலா, ஆளின்மேலா? கெட்டதைக் கீழே தள்ளிய கை, நல்லதைக் கண்டால் தோள்மேல் தூக்குகிறதா? மூன்றுக்கும் நேர்மையான பதில் கிடைத்தால், அந்தப் பேனா எவ்வளவு கூராக இருந்தாலும் அது நம் பக்கத்துப் பேனா!

டிக்கெட்டுக்குக் கொடுத்த காசை நாளை உழைத்துச் சம்பாதித்துக்கொள்ளலாம். இருட்டிலே உட்கார்ந்து இழந்த இரண்டரை மணி நேரத்தை எந்த முதலாளி திருப்பித் தருவான்? ஆகவே, ‘இவர்களுக்கு இது போதும்’ என்று எவன் திரையிலே எதைப் போட்டாலும், போதாது என்று சொல்லுங்கள். உரக்கச் சொல்லுங்கள்!