காசும் கணக்கும்

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குச் செல்லும் வீதியில், கடலுக்கும் களப்புக்கும் அருகே அமைந்துள்ள ஊர் வாகரை. மீன்பிடியும் வேளாண்மையும் இங்குள்ளோரின் சீவனோபாயங்கள். இத்தகைய ஊர்களில் கூட்டுறவுக் கடையின் முகாமையாளர் ஒருவருக்கு மைத்துனராயிருப்பார், மற்றொருவருக்கு மருமகனாயிருப்பார். அவரிடம் கணக்குக் கேட்பது அவரை ஐயுறுவதாகுமோ என்னும் கூச்சம் எழுவது இயல்பே. ஆயினும், 'தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு' என்பது நம் முன்னோர் மொழியன்றோ?

செலவுக்கு அனுமதி வழங்குபவர் ஒருவர், காசைக் கையிலே வைத்திருப்பவர் மற்றொருவர், காசேட்டை எழுதுபவர் வேறொருவர் என வேலையைப் பிரித்து வைப்பதே உள்ளகக் கட்டுப்பாட்டின் அடிப்படை. மூன்றும் ஒரே கையில் இருந்தால் தவறு நேர்வதும் எளிது. அதனை மறைப்பதும் எளிது.

கிளைக் கடைக்கு அனுப்பும் சரக்கை விற்பனை விலையிலேயே முகாமையாளரின் பொறுப்பில் எழுதுவது பயனுள்ள முறையாகும். 100,000 ரூபா விலையுள்ள சரக்கைப் பெற்றவர் 70,000 ரூபாவை வங்கியில் இட்டிருந்தால், எஞ்சிய 30,000 ரூபாவுக்குச் சரக்கு கடையில் இருத்தல் வேண்டும். 26,000 ரூபாச் சரக்கே இருப்பின், 4,000 ரூபாவுக்கு விளக்கம் தேவை. அது எலி தின்றதா, நிறுவையிற் குறைந்ததா, எழுதாத கடனா என்பதை உடனே ஆராயலாம். இருப்பெடுப்பு முன்னறிவிப்பின்றி நிகழ வேண்டும்; எண்ணுபவர் வேறொருவராயிருத்தல் வேண்டும்.

பெருந்தொகை புழங்கும் கசினோ என்னும் சூதாட்டக் கூடங்களிலும் இதே நெறிதான் கையாளப்படுகிறது. மேசையிற் சேரும் காசு பூட்டிய பெட்டிக்குள் விழுகிறது. அதனைப் பலர் கூடி, கண்காணிப்புக் கருவியின் முன்னே எண்ணுகின்றனர். சீட்டுப் பகிர்பவர் மேசையை விட்டு நீங்குமுன் இரு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டுகிறார். இவ்விதி எல்லோருக்கும் பொதுவாதலால் எவரும் இதனை அவமதிப்பாகக் கருதுவதில்லை.

இலங்கையில் முதற் கூட்டுறவுச் சட்டம் 1911ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் 1957இல் தோன்றின. சங்கக் கணக்குகள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் கணக்காய்வு செய்யப்பட வேண்டுமென 1972ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் விதிக்கிறது. ஆனால் கணக்காய்வு, நடந்து முடிந்ததையே காட்டும். நடவாமற் காப்பது அன்றாடக் கட்டுப்பாடே. தொடரிலக்கமிட்ட பற்றுச்சீட்டு, அன்றைய வரவை அதிலிருந்து செலவு செய்யாது முழுமையாக வங்கியிலிடுதல், ஊழியர் விடுமுறை எடுக்கும்போது அவர் வேலையைப் பிறர் பார்த்தல் ஆகியவற்றைச் சிறு சங்கமும் கைக்கொள்ளலாம்.

இருவர் எண்ணி இருவரும் ஒப்பமிட்ட தாள் ஒன்று இருப்பின், ஊர்ப்பேச்சு நேர்மையான ஊழியரை அணுகாது. கணக்குக் கேட்பது உறவை முறிப்பதன்று. உறவையும் ஊழியரின் நற்பெயரையும் சங்கத்தின் பொருளையும் ஒருங்கே காப்பதாகும்.