காற்றில் வந்த தட்டம்மை

1991 ஜூலையில், அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில், அறிவுவளர்ச்சிக் குறைவுடையோருக்கான உலகச் சிறப்பு ஒலிம்பிக் விளையாட்டுகள் நடைபெற்றன. தொடக்க விழா, கூரையால் மூடப்பெற்ற மாபெரும் அரங்கில் நிகழ்ந்தது. அர்ஜென்டினாவிலிருந்து வந்த தடகளப் போட்டியாளர் ஒருவருக்குத் தட்டம்மை கண்டிருந்தது. அவ்விளையாட்டுகளின்போது 16 பேருக்கு அந்நோய் தொற்றியது. பின்னர் மேலும் 9 பேருக்குப் பரவியது. அப்பதினாறு பேருள் இருவர், போட்டியாளர்கள் நுழைந்த வாயிலுக்கு 30 மீட்டருக்கும் மேலான உயரத்தில், மேல்மாடத்தில் அமர்ந்திருந்த பார்வையாளர்கள்!

இது எவ்வாறு நேர்ந்தது? இருமலிலும் தும்மலிலும் வெளிப்படும் தட்டம்மைக் கிருமி, காற்றில் இரண்டு மணி நேரம் வரை தங்கியிருக்க வல்லது. உடலில் தடிப்புத் தோன்றுவதற்கு நான்கு நாள்களுக்கு முன்பே நோய் பிறருக்குத் தொற்றத் தொடங்கிவிடும். ஆதலால், நோயுற்றவரை வாயிலிலேயே கண்டு தடுத்தல் அரிது.

அவ்வாறாயின், விழாக்களை நிறுத்திவிடலாமோ? வேண்டா. பல நாட்டினர் கூடி மகிழ்தல் நல்லதே. இரு தவணைத் தடுப்பூசி பெற்றவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 97 பேர் இந்நோயினின்று காக்கப்பெறுகின்றனர். பெற்றோரே, பிள்ளைகளைப் போட்டிக்கு அனுப்புமுன், சீருடையோடு தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் பாருங்கள். தடுப்பூசி பெறும் வயதை எட்டாத கைக்குழந்தைகளுக்கும் அதுவே காவல்.