பிரான்சர்

பிரான்சர் என்பது வெயில் பட்டு நிறம் ஏறியது போன்ற தோற்றத்தை முகத்துக்குத் தரும் ஒப்பனைப் பொருள் ஆகும். வெண்கலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. தூளாகவும் கிரீமாகவும் திரவமாகவும் கிடைக்கிறது. சிவப்பு, மஞ்சள், கறுப்பு இரும்பு ஆக்சைடுகள் பழுப்பு நிறத்தையும், மைக்கா மினுமினுப்பையும் தருகின்றன. முகம் கழுவினால் போய்விடும். டைஹைட்ராக்சி அசிட்டோன் கலந்த நிறமேற்றிகள் வேறு வகை. அவை தோலின் மேலடுக்கோடு வினைபுரிந்து சில நாட்கள் நீடிக்கும்.

வரலாறு

ஐரோப்பாவில் நெடுங்காலம் வெளுத்த தோலே மேட்டுக்குடியின் அடையாளமாக இருந்தது. 20ஆம் நூற்றாண்டில் கடற்கரை விடுமுறைகள் பரவியபோது இது தலைகீழானது. வெயிலில் காயாமலே அந்த நிறத்தைப் பெறலாம் என்பதே பிரான்சரின் கவர்ச்சி. பிரான்சின் கெர்லான் நிறுவனம் 1984இல் வெளியிட்ட தூளின் பெயரே 'டெரகோட்டா', அதாவது சுடுமண்.

கோடையில் தேர்வு

தோலின் நிறத்தைவிட ஓரிரு படி அடர்ந்த நிறமே பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. வெப்பமான நாட்களில் ஒரு படி குறைத்துக்கொள்வது நல்லது. தூளின் துகள்களுக்கு இடையில் காற்று இருக்கும்வரை ஒளி சிதறி, நிறம் வெளிறித் தெரியும். முகத்து எண்ணெய் அந்த இடைவெளிகளை நிரப்பினால் நனைந்த மண் கறுப்பதைப் போல நிறம் அடர்ந்துவிடும். காலையில் பொருத்தமாக இருந்த பூச்சு மதியம் திட்டுத்திட்டாகத் தெரிய இதுவும் ஒரு காரணம். எண்ணெயை உறிஞ்சும் சிலிக்கா கலந்த, மினுமினுப்பில்லாத தூள் எண்ணெய்ப்பசை முகத்துக்கு ஏற்றது. வறண்ட தோலுக்குக் கிரீம் பொருந்தும். ஆனால் பவுடர் பூசிய முகத்தின்மேல் கிரீமைத் தடவினால் திரண்டுவிடும்.

வெளிர் தோலில் ஆரஞ்சுச் சாயல் செயற்கையாகத் தெரியும். வெளிர் தோலுக்கான தூளோ கறுத்த தோலில் சாம்பல் பூத்தது போலிருக்கும். செம்பழுப்பு அங்கே நன்கு எடுபடும். கடை விளக்கை நம்பாமல், தாடையோரம் பூசிப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பதே சரியான சோதனை. நெற்றி, கன்ன மேடு, மூக்குத்தண்டு என வெயில் படும் இடங்களில் மெல்லிதாகப் பூசினால் போதும்.

வெயில் பாதுகாப்பு

பிரான்சர் நிறம் மட்டுமே தரும், வெயிலைத் தடுக்காது. சன்ஸ்கிரீன் கலக்காத இத்தகைய பொருட்களின் உறையில் அதற்கான எச்சரிக்கை இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. எஸ்.பி.எஃப். குறியிட்ட தூளும் போதாது. அந்த அளவு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதிக்கப்படுவது. முகத்தில் அவ்வளவு தடிமனாகத் தூளை யாரும் பூசுவதில்லை. எனவே சன்ஸ்கிரீனை முதலில் பூசி, அது தோலில் படிந்தபின் பிரான்சரைப் பூச வேண்டும்.