கால்வலி போக்கும் காற்றழுத்தக் கருவி: பலன் எவ்வளவு?

ஹைதராபாத்: கச்சிபௌலியில் 2008-ல் கோபிசந்த் பாட்மிண்டன் அகாதெமி தொடங்கப்பட்டது முதல், பிள்ளைகளைச் சாம்பியனாக்கும் கனவோடு இந்நகருக்கு வரும் பெற்றோர் பலர். மட்டை, ஷூ, பயிற்சிக் கட்டணம் போதாதென்று, பல ஆயிரம் ரூபாய் விலையுள்ள காற்றழுத்தக் காலுறையும் இப்போது செலவுப் பட்டியலில் சேரப் பார்க்கிறது.

படுத்த படுக்கையான நோயாளிகளின் கால்களில் ரத்தம் உறையாமல் தடுக்க மருத்துவமனைகளில் பயன்படும் நுட்பமே இது. பாதத்திலிருந்து தொடை வரை அறைகள் வரிசையாகக் காற்றால் நிரம்பி, ரத்தத்தை மேல்நோக்கித் தள்ளுகின்றன.

விளையாட்டு வீரர்களிடம் நடந்த ஆய்வுகளிலோ, தசைவலி சற்றே தணிவதாகத் தெரிகிறது. தசை வலிமை விரைந்து திரும்புவதற்கு உறுதியான சான்று இல்லை. வலி குறைவதிலும் நம்பிக்கைக்குப் பங்கிருக்கலாம். அழுத்துவதை அணிந்தவர் உணராமலா இருப்பார்? அடுத்தடுத்த நாள்களில் ஆட வேண்டிய சிந்து போன்றோருக்கு அச்சிறு ஆறுதலும் உதவக்கூடும். வளரும் பிள்ளைக்குத் தூக்கம், உணவு, ஓய்வு நாள் ஆகியவற்றுக்கு அது ஈடாகாது. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், கருவியை மாட்டாமல் மருத்துவரிடம் காட்டுவதே முறை.